மேல்வீட்டுச் சொட்டுத் தண்ணீர்

இரண்டு வருஷமாக அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொல்லித்தான் தையல்காரம்மா சண்டை போட்டார். மேல்வீட்டு ஏசியிலிருந்து அவருடைய பால்கனித் தகரத்தின் மேல் பகல் முழுக்க டொக் டொக்கென்று சொட்டும். அங்கே குடியிருந்த பேக்கரிக்காரர் ராத்திரியெல்லாம் அடுப்படியில் வெந்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர். படியில் மறித்துச் சொன்னால், "பாக்கறேம்மா" என்று நழுவிவிடுவார். ஒருவழியாக ஆள் கூப்பிட்டு, நீளக் குழாய் மாட்டி, தண்ணீரைச் சாக்கடைக்கு இறக்கினார்.

அடுத்த வாரமே குடியிருப்புச் சங்கத்தின் நோட்டீஸ் வந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடு, கோடை தணியும்வரை யாரும் குழாய்த் தண்ணீரைச் செடிக்கு விடக் கூடாது.

தையல்காரம்மாவிடம் பதினாறு தொட்டிகள். மெஷின் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துபோன பிறகு நாலு மாடி இறங்குவதே அபூர்வம். புருஷன் லாரியோடு போனால் மாசம் ஒரு தடவைதான் வருவார். தையல்காரம்மாவுக்கு வெளியுலகம் என்றால் அந்த மேற்கு பார்த்த பால்கனிதான். தக்காளி அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது.

அரிசி கழுவின தண்ணீர், காய் அலசின தண்ணீர் எல்லாம் ஊற்றிப் பார்த்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூன்றாம் நாள் மதியம் இலைகள் சுருண்டன. கைப்பிடியைப் பிடித்து, படிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கி, மேலே ஏறிக் கதவைத் தட்டினார்.

தூக்கக் கலக்கத்தோடு திறந்த பேக்கரிக்காரர் அவரைப் பார்த்ததும் பதறினார். "குழாய் மாட்டியாச்சேம்மா! இன்னும் சொட்டுதா?"

"சொட்டலண்ணே. அதான் வந்தேன்." "அந்தத் தண்ணிய எனக்கே விட்டுடுங்க."

பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல்காரம்மாவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் சாயங்காலத்துக்குள் குழாய் வெட்டப்பட்டு, நுனி அவருடைய வாளிக்குள் இறங்கியிருந்தது. பகலுக்கு ஒரு வாளி நிறையும்.

விடியற்காலையில், வெயில் ஏறும் முன்னே வேருக்கு மட்டும் ஊற்றுவார். மண் காயாமல் இருக்க வெட்டுத் துணிகளை மேலே பரப்பினார். பருத்திதான் ஆகும். நைலான் கலந்த துணி தண்ணீரைக் குடிக்காது என்பது அவருக்கு விரலால் தொட்டாலே தெரியும்.

அந்தச் சமயத்தில் ஊரில் அவருடைய தங்கை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பத்து நாள் போய்க் கூடவே இருக்க வேண்டும். கிளம்புகிற அன்று தையல்காரம்மா முக்காலி மேல் வாளியை வைத்தார். பருத்தித் துணியை நீள நாடாக்களாகக் கிழித்து நனைத்து, ஒரு முனையை வாளித் தண்ணீரிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் புதைத்தார். தண்ணீர் நாடா வழியே ஊறி இறங்கியது. பேக்கரிக்காரரிடம், "நீங்க வழக்கம்போலத் தூங்கினாப் போதும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே கீழ்வீட்டில் இருக்கும் சங்கச் செயலாளரம்மா நின்றிருந்தார். "உங்க வாளி நிரம்பி வழிஞ்சு, நான் காயப்போட்ட துணியெல்லாம் சேறு! ராத்திரி பகல்னு ஒரே அருவி!"

தையல்காரம்மா நேரே மேலே ஏறினார். "என்னண்ணே பண்ணீங்க?"

"ஏசிய அணைக்கவே இல்லம்மா. வேலைக்குப் போறப்பவும் ஓடவிட்டேன்" என்றார் அவர் பெருமையாக. "செடி வாடிடக் கூடாதுன்னு."

"ஐயோ! தண்ணிய மிச்சம் பிடிக்கப் போய் கரண்ட்ட வாரி இறைச்சீங்களா?"

அவர் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்த பிறகு தையல்காரம்மாவால் மேற்கொண்டு திட்ட முடியவில்லை. தனக்காக இப்படி ஒருத்தர் முட்டாள்தனம் பண்ணி ரொம்ப நாளாகிறது என்று தோன்றியது.

மூன்று செடிகள் வேரழுகிச் செத்திருந்தன. தக்காளி தப்பித்தது. செயலாளரம்மாவின் துணிகளை வாங்கித் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்று நாடாக்களைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க வீட்டு ஏசி தண்ணியும் வீணாத்தான் போகுது" என்றார். "இந்த நாடாவ எவ்வளவு அகலத்துக்குக் கிழிக்கணும்?"

"ரெண்டு விரல்" என்று சொல்லி, தையல்காரம்மா கத்தரிக்கோலை எடுத்தார்.