பத்து நிமிஷச் சூடு

உதிரிபாகக் கடையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிற அக்காவிடம் பிரேக் பேட் கேட்டுப் போனால் முதலில் ஒரு கேள்வி வரும். என்ன வண்டி, எந்த வருஷத்து வண்டி என்பதெல்லாம் அப்புறம். "காலையில உங்க வண்டில முதல்ல ஏறுறது யாரு?" என்பாள். பதில் வந்த பிறகுதான் அலமாரிப் பக்கமே திரும்புவாள்.

அவள் அப்படிக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். தங்கையின் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் தன் பழைய வெள்ளைக் காரை விரட்டாவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் பிடிக்காது. சாதாரண பேட் அங்கே நாலாவது சுற்றிலேயே சூட்டில் பிடிப்பு விட்டுப்போகிறது என்றார். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறாரே என்று, ரேஸுக்கென்றே வருகிற டிராக் பேடை எடுத்து நீட்டிவிட்டாள். ஞாயிறு முடிந்ததும் கழற்றிவிடுவார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் போனது. எட்டு மாத வயிற்றோடு தங்கை கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்கா இடுப்பில் சுமந்து வளர்த்த பெண். முகம் வாடியிருந்தால் அக்காவுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும்.

"தினமும் காலையில என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, அவர் மட்டும் பத்து நிமிஷம் எங்கயோ போயிட்டு வர்றாருக்கா. கேட்டா சும்மா ஒரு ரவுண்டுங்கறார்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. வந்தா வண்டில ஒரு தீஞ்ச வாடை. எவ அடுப்புல என்ன தீயுதோ." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. டிராக் பேட் சூடேறினால்தான் கவ்வும். ஆறிக்கிடக்கும்போது மிதித்தால் வண்டி நாலடி தள்ளித்தான் நிற்கும்.

"அடி அசடு, எவ வீட்டுக்கும் போகலை. காலி ரோட்டுல பிரேக்கை மிதிச்சு மிதிச்சு சூடு ஏத்திட்டு வர்றார். நீ ஏறும்போது வண்டி சொன்ன இடத்துல நிக்கணுமாம்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதை வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

சாயங்காலமே அக்கா ஒரு ஜோடிப் பெட்டியோடு அவர்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

"மாசாமாசம் சக்கரத்தைக் கழட்டி மாட்ட அரை நாள் போயிடுது அக்கா," என்றார் மாப்பிள்ளை. "அதான் சூடு பண்ணிட்டே ஏத்துறேனே."

"வலி வந்தா? பேட் காயட்டும், பத்து நிமிஷம் பொறுத்துக்கோன்னு சொல்லுவீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பேட் கிடையாதா?"

"இருக்கு. அங்கயும் அரைகுறை, இங்கயும் அரைகுறை. கேட்காம கொடுத்தது என் தப்பு. ஜாக்கியை எடுங்க, நட்டை நான் கழட்டுறேன்."

இருட்டுவதற்குள் நாலு சக்கரத்திலும் தெருவுக்கான பேட் ஏறிவிட்டது. டிராக் பேட் செருப்புப் பெட்டிக்குள் போனது.

மூன்று வாரம் கழித்து, விடியும் நேரத்தில் தங்கைக்கு வலி கண்டது. துணைக்கு வந்திருந்த அக்கா அவளைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் கார் கிளம்பி, தெருமுனை வரைக்கும் போய்விட்டது. பேடைச் சூடேற்றிய ரெண்டு மாதப் பழக்கம், பதற்றத்தில் கால் தானாகப் போகிறது.

"மாப்ள, ஆளை விட்டுட்டு எங்க போறீங்க?"

கார் அதே வேகத்தில் பின்னால் வந்தது. அவர் இறங்கிக் கதவைத் திறந்தார். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

முதல் நாற்சந்தியில் பால் வண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. அவர் மிதித்தார். ஆறிக்கிடந்த வண்டி, நிறுத்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே மெத்தென்று நின்றது. அக்கா விட்ட மூச்சு அவருக்கே கேட்டிருக்கும்.

பின்சீட்டில் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் தோளை எட்டிப் பிடித்தாள்.

"இன்னிக்கு எனக்குப் பத்து நிமிஷம் மிச்சம்," என்றாள். "போங்க."