நல்ல நேரத்தில் புறப்பட்ட நாய்

என் கணவர் பருத்தித்துறையில் பூகோளம் படிப்பிக்கும் வாத்தியார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைச் சுற்றுவார்.

மார்கழி விடுமுறைக்குச் சண்டிலிப்பாயில் இருக்கும் என் தாய்வீட்டுக்குப் போவோம். கலியாணமாகி அங்கிருந்து வந்தபோது என்னோடு ஒரு நாயும் வந்தது. சீதனத்தில் எழுதாமல் வந்த ஒரே உருப்படி அதுதான். முதல் விடுமுறைக்கு அதை விட்டுவிட்டுப் போய்த் திரும்பினால், எலும்பும் தோலுமாகக் கிடந்தது. இனி அது இல்லாமல் நான் வாசல் படலை தாண்டுவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அடுத்த மார்கழிக்கு எல்லா ஆயத்தமும் நானே செய்தேன். பஸ் கொண்டக்டரோடு கதைத்து, என் காலடியில் சாக்கு விரித்து நாயை இருத்தச் சம்மதம் வாங்கினேன். கழுத்துக்குப் புதுக் கயிறு வாங்கினேன். வழியில் சத்தி எடுக்காமல் இருக்கச் சோற்றையும் குறைத்தேன்.

பஸ் பத்து மணிக்கு. பஞ்சாங்கத்தில் நல்ல நேரமோ காலை ஆறரைக்கு. இதற்கு எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் குடையையோ சால்வையையோ அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் புறப்பட்ட மாதிரி. போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. இந்தமுறை இவர் குடையை விட்டுவிட்டு நாயைக் கொண்டுபோய் முன்வீட்டு ஆட்டுக்கொட்டிலில் கட்டினார்.

"இஞ்சாருங்கோ, குடையை வையுங்கோவன். உது வாயில்லாச் சீவன்," என்றேன்.

"உமக்கு உதொண்டும் விளங்காது. பயணத்திலை ஆபத்து நாய்க்குத்தானே? அப்ப நாய்தான் முதலிலை புறப்படவேணும்."

வாயில்லாச் சீவன் இரண்டு மணித்தியாலம் ஊரைக் கூட்டியது. பிறகு புதுக் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, வாலை ஆட்டியபடி எங்கள் படலைக்கு வந்து நின்றது. நான் ஓடிப்போய்க் கொளுக்கியில் கை வைத்தேன்.

"திறக்கக் கூடாது! புறப்பட்டது திரும்பி வந்தால் பயணம் பிழைச்சுப்போம்!" என்று கத்திக்கொண்டு பனைமட்டையை எடுத்து எறிந்தார். அது நாயின் முகத்தில் பட்டது. நாய் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது. என் கை கொளுக்கியிலேயே இருந்தது. நான் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

நாய் திரும்பி ஓடிவிட்டது. தெருவும் ஒழுங்கையுமாகத் தேடியும் கிடைக்கவில்லை. "நல்ல நேரம் அதைக் காப்பாத்தும்," என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். பஸ்ஸுக்கு நடந்த பாதி வழியில், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று தானே வீட்டுக்குத் திரும்பி ஓடி எடுத்துக்கொண்டு வந்தார். சண்டிலிப்பாய் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் என் காலடியில் வெறும் சாக்குத்தான் கிடந்தது.

தாய்வீட்டில் இறங்கியதும், "நாள் பாத்து வெளிக்கிட்டபடியால் ஒரு குறையுமில்லாமல் வந்து சேந்தம்," என்று எல்லாருக்கும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாளே திரும்ப வேண்டும் என்று அழுதேன். அதற்கும் நாள் பார்த்து, பத்தாம் நாள் கூட்டிவந்தார்.

நாய் முன்வீட்டு ஆட்டுக்கொட்டிலில் படுத்திருந்தது. அந்த வீட்டு அக்காதான் சோறு வைத்திருக்கிறார். நான் படலையை அகலத் திறந்து வைத்துக் கூப்பிட்டேன். ஓடி வந்தது. என் கையை நக்கியது. ஆனால் படலைக்கு வெளியிலேயே நின்றது. சாகும்வரை ஆறு வருஷம் அது எங்கள் வளவுக்குள் கால் வைக்கவில்லை.

புறப்பட்டது திரும்பக் கூடாது என்ற சட்டத்தை எங்கள் வீட்டில் ஒழுங்காகக் கைக்கொண்டது அது ஒன்றுதான்.