புல்லிடம் தோற்ற ஹெர்மீனா

எங்கள் குடியிருப்பில் ஹெர்மீனா ஸ்வோபோடாவிடம் வாயைக் கொடுத்துத் தப்பித்தவர் கிடையாது. தொப்பிக் கடையில் தையல் வேலை அவளுக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷக் குளிர்காலத்தில் வியன்னா முழுக்கக் கரிக்குப் பஞ்சம். மாலைப் பள்ளிக்குத் தையல் படிக்கப் போனவள், அந்த அறையில் கணப்பு இல்லை என்று, கணப்பு எரிந்த பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அது அறிவியல் தத்துவ வகுப்பு. குளிர் விட்டது, தத்துவம் விடவில்லை.

வகுப்பில் அவள் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். ஒரு கருத்துக்கு ஒத்துவரும் சாட்சி எங்கு தேடினாலும் கிடைக்கும். எது நடந்தால் அது பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்பவனின் பேச்சுதான் அறிவியல். அதன்பின் கசாப்புக்கடைக்காரர் முதல் பாதிரியார் வரை யாரும் தப்பவில்லை. புருஷன் ஃபெர்டிலையும் விடவில்லை.

"ஒம்மேல எனக்கு உசிரு, ஹெர்மி."

"சரி, எது நடந்தா அது பொய்யின்னு ஒத்துக்குவ?"

"இந்தக் கேள்விய நீ இன்னொரு தரம் கேட்டா!"

இவளைத்தான் குடியிருப்போர் சங்கத் தலைவியாக்கினோம். பதவி என்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அதே கேள்வியைப் போட்டுக் கூட்டத்தை இழுத்து, வீட்டில் எங்கள் சூப்பை ஆறவைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

முற்றத்துப் புல்தரையில் பிள்ளைகள் கால் வைக்கக் கூடாது என்பது காவலாளி ஸ்வெட்லரின் சட்டம். தரையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்றாள் ஹெர்மீனா.

"புல்லு செத்துடும்மா," என்றார் ஸ்வெட்லர்.

"சாகாது. கோடை முடியறதுக்குள்ள செத்துட்டா நான் சொன்னது தப்பு. தலைவி நாற்காலிய விட்டு எறங்கிடறேன்."

அந்தக் கோடையைப் போல ஒரு கோடை வரவேண்டும்! பிள்ளைகள் பந்தடித்தார்கள், ஃபெர்டில் கோல்காத்து மூக்கை உடைத்துக்கொண்டான். நாங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிளம் கேக்கும் காப்பியுமாகப் புல்லில் கிடந்தோம். செப்டம்பரில் பார்த்தால், தரை ஸ்வெட்லரின் தலையைப் போல மொட்டை.

கூட்டத்தில் அவள் தோழிகள் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள்.

"மழையே இல்லியே!"

"வெதை மட்டம்டி!"

"அது சாகல, தூங்குது!"

"போதும்," என்றாள் ஹெர்மீனா. "இப்பிடிச் சாக்குச் சொல்லிட்டே போனா, நான் சொன்னது என்னைக்குமே தப்பாகாது. அப்பிடி ஒரு பேச்சு எதுக்கு? நான் தோத்துட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் கலங்கியிருந்தது. சங்க அறையின் சாவியை மேசைமேல் வைத்தாள்.

ஸ்வெட்லர் எழுந்தார். மனுஷன் குத்திக்காட்டப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

"புதுத் தலைவியா ஸ்வோபோடா அம்மா பேரச் சொல்றேன்," என்றார்.

"என்னங்க இது, ஜெயிச்சது நீங்கதானே!" என்று கத்தினான் ஃபெர்டில்.

"ஜெயிச்சேன். புல்லு விஷயத்துல எம்பேச்சுதான் சரி. ஆனா தப்பே பண்ணாத தலைவர் ஒருத்தர நாடே ஏழு வருஷம் பாத்தாச்சு. போருக்குப் போன எம்மவன் திரும்பி வரல. அந்த ஆள எறக்கறதுக்கு ஊரே எரிய வேண்டியிருந்துச்சு. இந்தம்மாவ எறக்கணும்னா நாம கையத் தூக்கினாப் போதும்."

கைகள் உயர்ந்தன, என்னுடையதும்தான். அவளை ஏற்றுவதற்கு.