அபி சறுக்காத மலை

வியாழன், காலை 5.40. நோர்வே, ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையம். உறைநிலைக்குக் கீழே பதினொரு பாகை. 2007 பெப்ரவரி.

பெப்ரவரியில் ஒஸ்லோவை விட்டு ஓடுகிற தமிழர்கள் சென்னைக்கோ கனாரித் தீவுகளுக்கோ ஓடுவார்கள். நான் பனியிலிருந்து பனிக்குப் போனேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற நகரத்தில் என் மகள் அபி ஒரு வருடப் படிப்புக்காக இருந்தாள். அடுத்த வாரச் சனிக்கிழமை, அங்குள்ள மலையில் பல்கலைக்கழகக் குழுவுக்காகப் பனிச்சறுக்குப் போட்டியில் இறங்க இருந்தாள். அதைப் பார்த்து வீடியோ எடுத்து வரத்தான் இந்தப் பயணம். விமானச் சீட்டு 5,900 குரோணர். வீடியோவைப் பார்க்க ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு கூட்டமே காத்திருந்தது.

ஒரு சறுக்கலுக்கு இவ்வளவு காசா என்று என் மனைவியே கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அபி இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்கு நாள் வந்தது. ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, மிக அன்பாக, உங்கள் பிள்ளைகளுக்குக் குளிர் ஒத்துவராது, அபி உள்ளேயிருந்து படம் கீறட்டும் என்றார். நான் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் ஆறு வருடம் மீன் வெட்டியவன். குளிரைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்தக் கிழமையே பழைய சறுக்குக் கட்டை ஒரு சோடி வாங்கினேன். ஞாயிறுதோறும் பிள்ளையை மேட்டுக்குக் கூட்டிப்போனேன். அவளைவிட நான்தான் அதிகம் விழுந்தேன். பதினைந்து வயதில் அவள் எங்கள் பகுதிப் பிள்ளைகள் எல்லோரையும் முந்தியபோது அந்த ஆசிரியையும் நின்று கைதட்டினார். தட்டி முடிக்கும்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளி, பிற்பகல் 3.15. ஃபிளாக்ஸ்டாஃப்.

ஃபீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து பேருந்தில் ஏறத்தாழ 230 கிலோமீற்றர். கள்ளிச்செடிகள் நின்ற சூடான தரையில் தொடங்கிய பாதை, ஏறி ஏறிப் பைன் காட்டுக்குள் வந்து முடிந்தது. நகரத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு மலை. சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் என்று பலகையில் எழுதியிருந்தது.

"அதுதான் அப்பா, நான் இறங்கப்போற மலை," என்றாள் அபி. வார இறுதியில் சின்னப்பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்குவதால் பருவம் முழுவதும் அவள் சறுக்க இலவசச் சீட்டு. ஒஸ்லோவில் அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டவேண்டும்.

"நாளைக்கு ஒரு இடத்துக்குப் போறம். என்னோடை படிக்கிற மார்லீன் ஹோப்பி எண்ட பழங்குடிப் பிள்ளை. அவையின்ரை ஊரிலை வசந்தச் சடங்கு. வெளி ஆக்களைச் சேர்க்கிறது குறைவு. மார்லீனின்ரை அம்மா கூப்பிட்டவா. கமரா கொண்டுவரக் கூடாது."

"எழுதலாமோ?"

"எழுதவும் கூடாது. நான் உங்களுக்காகச் சத்தியம் பண்ணியிருக்கிறன், அப்பா."

சனி, காலை 9.00. புறப்பட்டோம்.

மார்லீன் தன் பழைய காரை ஓட்டினாள். வின்ஸ்லோ என்ற சிற்றூரில் பெற்றோல், கலன் இரண்டு டொலர் முப்பது சதம். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், ஒரு மரம் கிடையாது. ஆறு கிடையாது. இந்தத் தரையை நம்பி ஆயிரம் வருடமாகச் சோளம் போடுகிறார்கள் என்றால் அது விவசாயமா பிடிவாதமா என்று யோசித்தேன். வலிகாமத்துத் தோட்டக்காரன் பரம்பரை நான். கிணறு இல்லாத தோட்டம் எனக்குத் தோட்டமே இல்லை.

மேசையைக் கவிழ்த்து வைத்ததுபோல் தட்டையான முகடுகள். அவற்றின் மேல் கல்வீடுகள். ஊர் எல்லையில் பலகை: படம் எடுக்காதே, ஒலிப்பதியாதே, வரையாதே, குறிப்பெடுக்காதே. என் கமராவும் கொப்பியும் காரின் பின்பெட்டிக்குள் போயின. ஊரின் பெயரையும் அதற்குள்ளேயே விட்டுவிட்டேன்.

மாலை 5.00. வெர்னாவின் வீடு.

வெர்னா மார்லீனின் தாய். அறுபது வயது இருக்கும். குறைவாகக் கதைக்கிற, நிறையப் பரிமாறுகிற பெண். ஆட்டிறைச்சியும் சோளமும் போட்ட குழம்பு. நீலச் சோளத்தில் கடதாசி மாதிரி மெல்லிதாகச் சுட்ட ரொட்டி. வாயில் வைத்தால் அப்பளம்போல நொறுங்குகிறது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

புத்தகங்களில் அச்சேறியதை மட்டும் அவர் எனக்கு விளக்கினார். கச்சீனா என்று அவர்கள் சொல்லும் தெய்வங்கள் குளிர்காலத்தில் வந்து, ஆடி மாதம்வரை ஊரோடு இருந்து, பிறகு தங்கள் இடத்துக்குத் திரும்புகின்றன. மழையைக் கொண்டுவருவது அவர்கள் வேலை. பெப்ரவரியில், வெளியே எதுவும் முளைக்காத நேரத்தில், நிலத்துக்குள் இறக்கிக் கட்டிய அறைகளில் அவரை விதையைப் போட்டு, இரவும் பகலும் நெருப்பு வைத்து முளைக்கச் செய்கிறார்கள். அந்தப் பச்சை முளை வீடுவீடாக வரும். காலம் தானாக மாறும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற சனம் இல்லை இவர்கள். குளிரின் நடுவில் நின்று வசந்தத்தை வாவென்று கூப்பிடுகிறார்கள்.

"விதைக்கிறவரின் மனதில் சண்டை இருக்கக்கூடாது," என்றார் வெர்னா. "இருந்தால் முளை காட்டிக்கொடுத்துவிடும்."

எனக்குக் கதை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்க் கோயிலிலும் திருவிழாவுக்கு முன்னால் பாலிகைச் சட்டியில் நவதானியம் போட்டு முளைக்க வைப்போம் என்றேன். முளை செழிப்பாக வந்தால் ஊருக்கு நல்ல வருடம். இப்போது பாலிகையும் இல்லை, திருவிழாவும் இல்லை. பதினேழு வருடமாக ஊர் ஆமியின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். சமாதான காலத்தில் பாஸ் எடுத்து உள்ளே போய்வந்த மைத்துனர், கோயில் வீதியில் ஆமிக்காரர் வலை கட்டிப் பந்தடித்ததைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெர்னா எழுந்து வந்து என் கோப்பையில் கோப்பி ஊற்றினார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நான். நோர்வேயில் பிள்ளை பெற்ற தமிழ்த் தகப்பனுக்கு, பிள்ளையின் கெட்டித்தனத்தைச் சொல்லாமல் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பத் தெரியாது.

"இவள் அடுத்த சனிக்கிழமை அந்தப் பெரிய வெள்ளை மலையில் பனிச்சறுக்குப் போட்டியில் இறங்குகிறாள். அங்கே அமெரிக்கப் பிள்ளைகளுக்கே பழக்குகிறாள், என் மகள்."

வெர்னாவின் கரண்டி சட்டிக்குள் நின்றது. மார்லீன் தன் தட்டைப் பார்த்தாள். அபி கண்ணை மூடிக்கொண்டாள்.

வெர்னா என்னைப் பார்க்கவில்லை, அபியைப் பார்த்தார். "நாளைக்கு வருகிறவர்கள் அங்கேயிருந்துதான் வருகிறார்கள்," என்றார். "அது அவர்களுடைய வீடு."

இன்னும் கொஞ்சம் ரொட்டியை எங்கள் பக்கம் தள்ளிவைத்தார். பாத்திரம் கழுவும்போது மார்லீன்தான் மிச்சத்தைச் சொன்னாள்: அந்த மலையில் சுத்திகரித்த கழிவுநீரால் செயற்கைப் பனி தூவ ஒரு திட்டம் இருக்கிறது, பழங்குடிகள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அபி அங்கே சறுக்குவது மார்லீனுக்குத் தெரியும். சிநேகிதியை இழக்க மனமில்லாமல் தாயிடம் மறைத்திருந்தாள். நான் ஒரு வாய் ரொட்டியோடு அதைப் போட்டு உடைத்துவிட்டேன்.

"போகச் சொல்லுவினமோ?" என்று அபியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சொல்லேல்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு," என்றாள்.

ஞாயிறு, விடியற்காலை முதல் பிற்பகல் ஒரு மணி வரை.

கண்டதை எழுதமாட்டேன். பயணக் கட்டுரை எழுதுகிறவன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம். இவர்களிடமிருந்து நிலத்தை எடுத்தார்கள், பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளுக்கென்று எடுத்தார்கள், தெய்வங்களின் முகத்தையும் படம் பிடித்துத் தபால் அட்டையாக விற்றார்கள். நானும் என் பங்குக்கு நாலு பந்தி எழுதி எடுக்கப்போவதில்லை. நான் சாப்பிட்டதை மட்டும் சொல்கிறேன்: மத்தியானம் வெர்னா அந்த முளையைப் போட்டு ஆக்கிய குழம்பைத் தந்தார். அபிக்கு முதலில் தந்தார். பிள்ளை அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

பிற்பகல் 3.30. வின்ஸ்லோ பெற்றோல் நிலையம்.

திரும்பும் வழி முழுவதும் அந்த மலை கண்ணாடிக்கு முன்னால் நின்றது. அபி காரை விட்டு இறங்கிப் பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் அழைத்தாள். ஐந்து நிமிடம் கதைத்தாள். வந்து, "நான் இறங்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன், அப்பா. பழக்கிறதையும் விட்டிட்டன்," என்றாள்.

எனக்குத் தலைக்கு ஏறியது. "விசரே உனக்கு? நான் எட்டாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் வந்தனான். பனி எண்டால் பனிதானே. நோர்வேயிலை எந்த மலையை விட்டு வைச்சிருக்கிறம்?"

"அங்கை ஆரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இஞ்சை சொல்லீனம்."

"நீ ஒருத்தி விட்டால் அந்தக் கழிவுத்தண்ணித் திட்டம் நிண்டிடுமோ?"

"நிக்காது." பெற்றோல் பம்பின் அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அப்பா, கோயில் வீதியிலை பந்தடிக்கிறான் எண்டு நீங்கள் சொல்லுற அந்த ஆமிக்காரன், அவனும் நல்ல பெடியனாத்தான் இருப்பான். அவனுக்கும் வீட்டிலை ஒரு அப்பா, மகன் நல்லாப் பந்தடிக்கிறான் எண்டு சொல்லிக்கொண்டிருப்பார். நான் அவனாய் இருக்கமாட்டன்."

மார்லீனுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். நான் கடைக்குள் போய் மூன்று கோப்பி வாங்கினேன், ஒன்று ஒரு டொலர் இருபது சதம்.

அடுத்த சனிக்கிழமை.

போட்டி நடந்தது. அபியின் இடத்தில் வேறு ஒருத்தி இறங்கி நாலாவதாக வந்தாளாம். அபி இறங்கியிருந்தால் முதலாவது. அதை நான் சொல்லாமல் விடமாட்டேன். அன்று அவள் எனக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல் செய்து தந்தாள். யன்னலில் மலை தெரிந்தது. எனக்குக் கோபமும் பெருமையும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தன. இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

வியாழன், மாலை 6.00. மறுபடியும் ஹவுகன்ஸ்டுவா.

ஒஸ்லோ இன்னும் உறைந்துதான் கிடந்தது. போன கிழமை வந்து இறங்கிய அன்றே பயறை ஊறப்போட்டு, மண் நிரப்பிய தட்டில் தூவி, குசினியில் அறைச் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினேழு வருடமாக நான் பாலிகை போடவில்லை. கோயில் இல்லாமல் எதற்கு என்று விட்டிருந்தேன். கோயில் இல்லை என்பதற்காகப் பருவத்தையும் ஆமியிடம் விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்பது வெர்னாவின் மேசையில்தான் உறைத்தது.

என்னோடு பேருந்து ஓட்டுகிற குணம், இன்னும் நாலு பேருடன் வீடியோ பார்க்க வந்தான். வீடியோ இல்லை, பிள்ளை இறங்கவில்லை என்று காரணத்தைச் சொன்னேன்.

குணம் சிரித்தான். "சாமி இருக்கிற மலையெண்டு விட்டவளோ? அப்ப கைலாசத்துக்குச் சனம் போகேல்லையோ?"

"போகுது. சுத்திக் கும்பிட்டிட்டு வருது. உச்சியிலை ஏறினவன் ஒருத்தனைக் காட்டு பாப்பம்," என்றேன். குணம் தேத்தண்ணியைக் குடித்தான்.

பிறகு குசினிக்குள் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். வெளியே மதிலளவுக்குப் பனி. தட்டில் பயறு இரண்டு அங்குலம் பச்சையாக எழும்பியிருந்தது. மனதில் சண்டையோடு விதைத்தது, கொஞ்சம் கோணல்தான். குணத்தின் ஊரும் அதே வலயத்துக்குள்தான். அவன் சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தான், படம் பிடிக்க.

"உள்ளை வை," என்றேன். "இதை வந்து பாக்கிறவன் பாக்கட்டும்."