வரி வசூலுக்கு நின்ற லவீனா

எங்கள் பென்சில்வேனியா மலையடிவாரத்தில் எதற்கெடுத்தாலும் ஓட்டுத்தான். வீட்டு வரி வசூலிக்கிற வேலைக்கும் நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஆள் நிற்க வேண்டும், ஊர் கூடி ஓட்டுப் போட வேண்டும். அந்த வேலைக்குத்தான் லவீனா கெர்ஹார்ட் நின்றாள். ஐம்பத்து நாலு வயது வரைக்கும் சர்ச் விருந்தில் யார் முதலில் தட்டு எடுப்பது என்றால்கூட நாலு பேருக்குப் பின்னால் போய் நிற்கிறவள். அவள் போய்த் தேர்தலில் நிற்பதாவது! கேட்டவர்களுக்கு எல்லாம் சிரிப்பு. அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும், சிரிக்கிற நிலைமையில் இருந்திருந்தால்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கல் குவாரியில் அவள் புருஷன் ஹார்லன் தலையில் பாறைச் சில்லு விழுந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் வலிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. காலையில் வரும், மத்தியானம் சூப் குடிக்கும்போது வரும், சொல்லிக்கொண்டா வருகிறது? வந்தால் பக்கத்தில் இருந்து ஒருக்களித்துப் படுக்க வைக்க ஆள் வேண்டும். அதனால் லவீனா வாசல் தாண்டி வேலைக்குப் போக முடியாது.

போகாமலே ஒரு வேலை அவளுக்கு அதற்கு ஐந்து வருஷம் முன்பே வாய்த்திருந்தது. வரி வசூலுக்கு ஊர் தேர்ந்தெடுத்தது வெர்னா என்ற அம்மாளை. அந்த அம்மாளுக்கு உதவியாள் லவீனா. வெர்னாவுக்குக் கண் மங்க மங்க, பில், ரசீது எல்லாம் லவீனாவின் சமையலறை மேஜைக்கே வந்து சேர்ந்துவிட்டன. ஏப்ரல் கடைசி நாள் வரைக்கும் கட்டினால் தள்ளுபடி உண்டு. அன்றைக்கு அவள் வீட்டு முன்னால் டிராக்டர்கூட நிற்கும். எங்கள் ஆட்கள் தள்ளுபடியையும் விட மாட்டார்கள், கடைசி நாளையும் விட மாட்டார்கள். அடுப்பில் கோழி வெந்துகொண்டிருக்கும், பக்கத்து அறையில் ஹார்லன் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பான், இவள் ரசீதில் முத்திரை குத்திக்கொண்டிருப்பாள்.

அந்த வெர்னா இனி நிற்கப் போவதில்லை என்று பிப்ரவரியில் சொல்லிவிட்டாள். வேறு யாராவது வந்தால் மேஜை காலி. அதற்கப்புறம் நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கில்தான் வேலை, காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. ஹார்லனை யார் பார்ப்பது?

"நீயே நில்லு. பதினோரு வருஷமா நீதானே பாக்குற?" என்றான் ஹார்லன்.

"நானா? எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு நான் போய் எப்படிக் கேக்குறது?"

"வாயைத் திறந்துதான்."

அந்த வாய்தான் திறக்கவே இல்லை. வேட்பு மனுவுக்குப் பத்துக் கையெழுத்து வேண்டும். முதல் வீட்டில் கதவைத் தட்டினாள். திரைக்குப் பின்னால் ஓர் அசைவு, அப்புறம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது.

"ஐயோ வரிக்காரம்மா, செக்கை நேத்தே தபால்ல போட்டுட்டேனே!"

"வரிக்கு வரலைங்க."

"அப்பாடா! அதை முதல்லயே சொல்லக் கூடாதா? உள்ள வாங்க. ஆப்பிள் பை இப்பத்தான் சுட்டேன், சூடா இருக்கு."

அந்தப் பலகாரத்தைத் தின்றுவிட்டு, கையெழுத்துக் கேட்காமலே திரும்பி வந்துவிட்டாள். ஹார்லன் தலையில் அடித்துக்கொண்டான். பத்துக் கையெழுத்து வாங்க அவளுக்குப் பதினேழு நாள் ஆயிற்று.

அவள் என்ன செய்வாள்! அவள் பிறந்தது எளிமையே வேதம் என்று வாழ்கிற பழைய மென்னோனைட் கிறிஸ்தவர் வீட்டில். அங்கே கண்ணாடி முன்னால் ரெண்டு நிமிஷம் நின்றாலே பெருமை பிடித்தவள் என்று பெயர். 'உன் வாயால உன்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை வந்தா அது நாறும்' என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தாள். கல்யாணமாகி வேறு சர்ச்சுக்கு வந்து முப்பது வருஷமாயிற்று. தலைத்துணி போய்விட்டது, அம்மா சொன்னது மட்டும் போகவில்லை.

எதிரில் நின்றவர் மார்லின் ரப். உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் சார். லவீனாவுக்கும் கணக்கு எடுத்தவர். பென்ஷன் வருகிறது, ஏரிக்கரையில் வீடு இருக்கிறது. "சும்மா உக்காந்திருக்கப் போரடிக்குதுப்பா" என்று நின்றார், அவ்வளவுதான். கெட்டவரா என்றால் அதுவும் இல்லை. கெட்டவராக இருந்தால் கோபப்பட்டாவது தொலைக்கலாம். முனைக்கு முனை அவர் பெயர் எழுதிய பலகை. லவீனாவுக்கு இருந்த பலகை ஒன்றே ஒன்று, ஹார்லனின் தம்பி லேமர் தன் சோளக்காட்டு ஓரத்தில் நட்டது. சோளம் வளர்ந்து அதையும் மறைத்துவிட்டது.

ஆனாலும் ஊர் அவளைக் கைவிடவில்லை. ஏப்ரலில் வந்தவர்கள் எல்லாம் "உனக்குப் போடாம யாருக்குப் போடப் போறோம்?" என்றார்கள். ஊர்த் தீயணைப்புக் கூடத்தில் சூப் விற்கிற பெண்கள், "நீ ஜெயிச்சாச்சு, போ" என்றார்கள். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது?

நவம்பரில் ஓட்டு. தீயணைப்புக் கூடத்தில்தான் சாவடி. அதன் வாசலில் வழக்கம்போல் சோளமும் கோழியும் போட்ட சூப் விற்றுக்கொண்டிருந்தார்கள். ரப் சார் குளிரில் நின்று வந்தவர்கள் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். லவீனாவைப் பார்த்ததும் கதவைத் திறந்து பிடித்தார்.

"வா லவீனா. பயமா இருக்கா?"

"இருக்கு சார்."

"எனக்கும்தான்" என்று சிரித்தார்.

ஓட்டுத் தாளை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். அச்சில் தன் பெயரைப் பார்த்ததும் காது சுட்டது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். அதைத் தன் கையால், தனக்காக, கறுப்பாக நிரப்ப வேண்டும். பேனா வட்டத்துக்கு மேலேயே நின்றது. அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. தனக்குத் தானே போட்டுக்கொள்கிற பெண்ணா நான்? வெளியில் அந்த மனுஷன் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாரே! இத்தனை பேர் போடுகிறோம் என்கிறார்கள், இந்த ஒன்றிலா வந்துவிடப் போகிறது? நல்ல இடத்தில் பிறந்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தாள். ரப் சாரின் பெயருக்கு நேரே வட்டத்தை நிரப்பினாள். வெளியே வந்தபோது மனசு லேசாகக்கூட இருந்தது. பாவி!

தபாலில் வந்த ஓட்டுகளையும் சேர்த்து எண்ணி முடித்து, மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து மறுவாரம் போன் வந்தது. அவளுக்கு முன்னூற்றுப் பதினொன்று. அவருக்கும் முன்னூற்றுப் பதினொன்று.

"சமமா? சமமாவா வந்துச்சு?" என்று ஹார்லன் நாற்காலியை விட்டு எழுந்தான். லவீனா போனை வைத்தாள். அவளுக்குக் கணக்கு எடுத்தவர் ரப் சாராயிற்றே, இந்தக் கணக்குப் போடத் தெரியாதா? இங்கே ஒன்று கூடியிருந்தால் அங்கே ஒன்று குறைந்திருக்கும். ஜெயித்திருப்பாள். தன் கையே தனக்கு உதவி என்பார்கள். அவள் கையோ அவளுக்கே குழி வெட்டிவிட்டது. யாரிடம் சொல்ல? சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

சமமாக வந்தால் எங்கள் சட்டத்தில் மறுபடி ஓட்டெல்லாம் கிடையாது, குலுக்கல்தான். லேமரை ஹார்லனுக்குக் காவல் வைத்துவிட்டு அவள் கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போனாள். நடைபாதையில் ரப் சார் காப்பியோடு நின்றிருந்தார்.

"பாத்தியா கூத்தை? என் பொண்டாட்டி 'உனக்கெதுக்கு இந்த வேலை'ன்னு உனக்குத்தான் போட்டாளாம். நல்லவேளை, நானாவது எனக்குப் போட்டுக்கிட்டேன்!"

லவீனா சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது?

ஒரு குமாஸ்தா மரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே எண் போட்ட மரக் குண்டுகள், ஒன்றிலிருந்து முப்பது வரை. சின்ன எண் எடுத்தவருக்கு வேலை. லவீனா முதலில் கையை விட்டாள். ஆறு. பின்னால் நின்ற யாரோ "ஆகா" என்றார்கள். முப்பதில் ஆறு என்றால் சும்மாவா? வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தனக்காக ஒன்று கேட்டாள். கடவுளே, எனக்கு வேணும், எனக்குக் கொடு, என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

ரப் சார் கையை விட்டார். இரண்டு.

அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். உதவிக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் சொன்னார்: "நீ கவலைப்படாதே. என் மருமக எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே பாத்துக்கிறேன்னுட்டா. அந்தப் பழைய ரசீதுப் பெட்டிங்களை மட்டும் டிசம்பர்ல கொண்டுவந்து குடுத்துடு."

வீட்டுக்கு வந்தால் ஹார்லன் ஆளையே அடையாளம் தெரியவில்லை. முகமெல்லாம் சிவந்து, சமையலறையில் நடந்துகொண்டிருந்தான். லேமர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஒரே ஒரு ஓட்டு! யாரு போடலைன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். இவன்தான் போடலையாம்!"

"சோளம் அறுத்துக்கிட்டிருந்தேன் அண்ணா. ரேடியோல மழை வருதுன்னாங்க. ராத்திரி எட்டு மணிக்குள்ள ஓட்டுப் போட வர முடியலை" என்றான் லேமர். "நீதானே, அண்ணி நிச்சயம் ஜெயிச்சுடுவான்னு சொன்னே..."

"சோளமாம் சோளம்! என் வீட்டு வாசப்படி இனி மிதிக்காதே. போடா!"

லேமர் போய்விட்டான். லவீனா கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கிடங்கு வேலைக்குப் போனால் பகலில் ஹார்லனோடு இருக்க இந்த உலகத்தில் லேமரை விட்டால் யாரும் இல்லை. அவனும் சோள வேலை முடிந்து ஏப்ரல் வரைக்கும் சும்மாதான் இருப்பான். இவளோ அந்த ஒருவனையும் துரத்தவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

"ஹார்லன், உக்காரு."

"உக்கார முடியாது. சொந்தத் தம்பி..."

"லேமர் போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன், சரி. ஆனா அவன் இல்ல. நான்தான்."

"நீயா? நீ போனியே! நான்தானே கோட்டை எடுத்துக் குடுத்தேன்?"

"போனேன். அவருக்குப் போட்டுட்டேன்."

ஹார்லன் உட்கார்ந்தான். அவள் அம்மாவைப் பற்றி, வட்டத்தைப் பற்றி, கதவைப் பிடித்ததைப் பற்றி ஏதேதோ சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அசிங்கமாக இருந்தது. திட்டட்டும், தட்டை எடுத்து வீசட்டும் என்று காத்திருந்தாள்.

"தபால் ஓட்டு வந்துச்சே" என்றான் மெதுவாக. "நீ கோழிக்குத் தீனி வைக்கப் போயிருந்தே. கை நடுங்குதா, வட்டத்தை விட்டு வெளிய போனா செல்லாதுன்னாங்க. ஒரு கையால இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டு உன் வட்டத்தை நிரப்பினேன். அரை மணி நேரம் ஆச்சு லவீனா."

அவளால் நிமிர முடியவில்லை. அவன் கையை நீட்டினான்.

"போனைக் குடு."

கொடுத்தாள். அவன் தம்பியைக் கூப்பிட்டான்.

"லேமர், நான்தான். கத்திட்டேன்டா, மனசுல வெச்சுக்காதே. உன்னால இல்ல... வேற யாரோ... யாருன்னு தெரியாதுடா, தெரிஞ்சு என்ன ஆகப் போவுது? கேளு, திங்கக்கிழமையிலேர்ந்து காலையில ஏழரைக்கு வந்துடு. அவ வேலைக்குப் போகணும்."