துடியான ஆவாரஞ்செடி

சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே இருக்கிற கண்மாயைத் தினமும் சுற்றினேன். சர்க்கரை குறையவில்லை, பறவைப் பைத்தியம் பிடித்ததுதான் மிச்சம். தும்பை எது, நாயுருவி எது என்று குனிந்து பார்ப்பேன். முங்கிய முக்குளிப்பான் எங்கே எழும் என்று காத்து நிற்பேன். ஆடு மேய்க்கிறவர்கள், நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

மார்கழிக் கடைசியில், கரையோர ஆவாரஞ்செடி ஒன்றில் கதிர்க்குருவி கூடு வைத்திருந்தது. நாரும் இலையுமாகத் தைத்த சின்னக் கூடு, உள்ளே செங்கல் நிறத்தில் முட்டைகள். பெற்ற பிள்ளைகளுக்காகக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு. வாசலில் செருக ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேண்டுமென்று ஊரே அரிவாளோடு கிளம்பி வரும். அதில் என் வீடும் சேர்த்தி.

குருவி இருக்கிறது, வெட்டாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் கூட்டைப் பார்க்கவே பத்துப் பேர் வருவார்கள். ரொம்ப யோசித்து, மஞ்சள் துணி ஒன்றைச் செடியில் சுற்றி, அடியில் ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைத்தேன். எங்கள் பக்கம் போலீசுக்குப் பயப்படாதவனும் இதற்குப் பயப்படுவான்.

காப்புக்கட்டு அன்று கரையே மொட்டையானது. என் செடியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. குருவி பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று போனால் செடியைச் சுற்றி ஒரே புகை. புதுத் துணி, மாலை, சூடம், கட்டுக் கட்டாக ஊதுபத்தி. கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் ஒரு துணித்தொட்டில் வேறு. குருவியைக் காணோம். கிட்டே போனேன். அங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருந்த அம்மா தடுத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்கண்ணே. துடியான சாமி. இம்புட்டுச் செடிய வெட்டுனாங்களே, இதுல எவனாச்சும் கை வச்சானா?"

காரணம் எனக்குத் தெரியும். ஆனால் தொட்டில் அவர் மகளுக்காகக் கட்டியதாம். கல்யாணமாகி ரொம்ப வருஷமாகியும் பிள்ளை இல்லையாம். அதற்குமேல் நான் எங்கே வாயைத் திறப்பது?

செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன.

அந்த அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று, நான் நட்ட கல்லையே கும்பிட்டேன். குருவி திரும்பி வந்து உட்கார வேண்டும். வேறு யாரிடம் போய்க் கேட்பது?