வாவிக்கரையில் வாப்பா கத்தியது ஏன்

மகள் ஹனா, மகன் அஃப்ரத், நேற்று வாவிக்கரையில் வாப்பா ஏன் அப்படிக் கத்தினேன் என்று வரும் வழியெல்லாம் காரில் கேட்டீர்கள். எனக்குக் கதைக்க வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். பெரிய படிப்புப் படித்தவனில்லை. பிழை இருந்தால் உம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

காலையில் மிருகக்காட்சிசாலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நோர்வேக்கு வந்து இத்தனை வருடத்தில், பனிக்குள் ஒட்டகம் நின்று நான் கண்டதில்லை. கட்டாரில் வேலை செய்தபோது மணலில் கண்டதற்கு ஒரு திமில். இதற்கு இரண்டு, இரண்டிலும் வெள்ளையாகப் பனி. குளிராதோ என்று நான் கவலைப்பட, "அதுவும் உங்களப் போலதான் வாப்பா, கட்டார்ல விசா முடிஞ்சி இஞ்ச வந்திருக்கும்" என்று மகன் சொன்னதும் உம்மா சிரித்த சிரிப்பில் பிளேன்டீ அவளுடைய கோட்டில் ஊற்றுண்டது.

பகல் சாப்பாட்டுக்குப் பக்கத்துச் சின்ன ஊருக்குப் போனோம். ஒரே தெரு, ஒரு சர்ச், ஒரு சாப்பாட்டுக் கடை, தெரு முடிவில் வாவி. நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் நீங்கள் முன்னால் ஓடிவிட்டீர்கள். கரைக்கு வந்து பார்த்தால், தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இல்லை. வெறும் வெளி. அங்கே ஒரு கிழவர் ஐஸைத் துளைத்துப் பிடித்த மீனை, நீங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வாவி உறையும், ஆட்கள் அதன்மேல் நடப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரம் என் கண்ணில் நின்றது நம் ஊர் கல்முனைக்குடியின் கடல். சுனாமி வந்த காலையில், முதலில் சின்னதாக ஏறிய தண்ணீர் திரும்பிப் போனது. வெகுதூரம் போனது. ஈர மண்ணில் மீன்கள் துடித்தன. உங்கள் சாச்சா, என் தம்பி றியாஸுக்கு அப்போது மகனின் வயதுதான். ஓடிப்போய் மீன் பொறுக்கினான். நான் கரையில் நின்று கூப்பிட்டேன். "இன்னும் ரெண்டு மீன், காக்கா, வாறன்" என்றான். அடுத்த தண்ணீர் அவனைக் கொண்டுபோனது. என்னை யாரோ பள்ளிவாசல் பக்கம் இழுத்தெடுத்தார்கள்.

அதனால்தான், "மீன விட்டுட்டு ஓடி வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கடை வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் ஓடி வந்தீர்கள். "மானம் போகுது வாப்பா" என்று மகள் அழப் பார்த்தாள். பின்னாலேயே வந்த கிழவர், நான் மீன் கேட்கிறேன் என்று நினைத்து ஒன்றை வாலில் பிடித்து நீட்டினார். மகள் அவர்களுடைய பாஷையில் விளங்கப்படுத்தியதும், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தொட்டுக் காட்டினார். அவ்வளவு தடிப்பாம் ஐஸ். "லொறியும் போகுமாம்" என்றாள் மகள்.

அல்ஹம்துலில்லாஹ். எனக்கு மூச்சு அப்போதுதான் வந்தது. ஐஸின் தடிப்பைக் கேட்டு மட்டுமல்ல. கூப்பிட்டேன், நீங்கள் வந்தீர்கள். மானம் போனால் போகட்டும்.

பிறகு நீங்கள் சூப் குடித்துக்கொண்டிருக்க, கையுறையை எடுத்துவருகிறேன் என்று வெளியே போனேனே, நான் காருக்குப் போகவில்லை. தனியே வாவியில் இறங்கி, பத்திருபது அடி நடந்தேன். பகல் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவிச் செய்த வுழு இன்னும் முறியாமல் இருந்தது. மக்கா இருக்கும் திசையை, கிப்லாவை, போனில் பார்த்து, ஐஸில் நெற்றியை வைத்து நன்றிக்காக ஒரு சுஜூது செய்தேன். இங்கிருந்து பார்த்தால் நம் ஊரும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். அங்கே கிப்லாவை நோக்கி நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இங்கே தண்ணீர் என் நெற்றிக்குக் கீழே இருந்தது. அசையவில்லை.